பானையை எட்டிப் பார்க்க வந்தவன்

அசுன்சியோன்,
அக்டோபர் முதல் வாரம்

சுனில்டாவுக்கு,

நான் நலம். நம் பெண் அராசெலியும் நலம். உன் அம்மாவுக்கு முழங்காலில் வலி, வாயில் ஒரு குறையும் இல்லை. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கை மட்டும்தான், உன்னைப் பற்றி எதையும் அடித்துச் சொல்லும் நிலையில் இப்போது நான் இல்லை.

நீ அனுப்பிய விருந்தாளி பின்னறையில் மதியத் தூக்கம் போடுகிறான். குறட்டை தெருவரை கேட்கிறது. நாளைக் காலையில் அவனுக்கு விமானம். இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பப் போகிறேன். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி உறையை நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். ஓரம் பிரிந்திருந்தால் அவனையே கேள். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பவள் அராசெலி. அதனால்தான் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன்மேல் அருவருப்பு, அவன்மேல் அருவருப்பு, இந்த ஊர்மேல், என்மேல்கூட. எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வந்த வரிசையில் எழுதுகிறேன்.

"நான் இந்த நாட்டுல வேலைக்கு இருந்து பார்த்துக்கற பெரியம்மாவோட மகன் ரமீரோ ஊர் சுத்தி எழுதறவரு. யாரும் கண்டுக்காத தலைநகரம்னு நம்ம ஊரைப் பத்தி எழுத வராரு. பின்னறையைக் கொடுங்க, நல்லாப் பாத்துக்கங்க" என்று நீதான் போனில் சொன்னாய். சரி, உனக்குச் சம்பளம் கொடுக்கும் வீட்டுப் பிள்ளை என்று விமான நிலையத்துக்கே போய் அழைத்து வந்தேன். வெயிலில் வெந்து மூக்கு உரிந்த மனிதன். ஐம்பது வயது இருக்கும். இறங்கியதும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏன் இவ்வளவு அழுத்திப் பிடிக்கிறான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாளே என் பஸ்ஸில் ஏறிவிட்டான். எனக்குப் பின்னால் முதல் சீட். ஆற்றங்கரையிலிருந்து புறநகர் வரை போய், திரும்பி, மறுபடி போய், இறங்கவே மாட்டேன் என்றான். சிப்பா ரொட்டி விற்க ஏறுவாளே அந்தக் குண்டு ஹெர்மீனியா, அவள் கூடையை என் மடிமேல் சாய்த்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் டிரைவரய்யா, இந்த ஆளு காலைலேர்ந்து அதே சீட்ல இருக்காரே, அடை காக்கறாரா? குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க." பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு அவளிடம் நாலு ரொட்டி வாங்கினான்.

அவனுக்கு இந்த ஊரில் எல்லாமே அழகு. அதுதான் முதலில் எனக்குக் குமட்டியது. நடைபாதையை மரவேர் பெயர்த்துப் போட்டிருந்தால், "பாருங்கண்ணே, மரம் ஜெயிச்சிருக்கு!" என்று படம் எடுத்தான். அந்த நடைபாதையில் தடுக்கி விழுந்துதான் உன் அம்மா இன்றைக்கு நொண்டுகிறாள். சுவரில் காரை உதிர்ந்தால் அழகு. கம்பத்தில் மின்கம்பி கொத்தாகத் தொங்கினால் அழகு. நாலாம் மார்க்கெட்டில் அழுகிய மாம்பழத்தின்மேல் ஈ மொய்ப்பதைக் குனிந்து குனிந்து படம் எடுத்தான். ஆற்றங்கரைத் தகரக் குடிசைகள் ஓரத்தில் நின்று, "இந்த ஊரை உலகம் கண்டுக்கவே இல்லையேண்ணே!" என்று கண் கலங்கினான். "இருக்கறவங்களே கண்டுக்கல, உலகத்துக்கு என்ன வந்துது" என்றேன். அதையும் குறித்துக்கொண்டான். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. நம் வீட்டுக் கந்தலை அடுத்தவன் வந்து பட்டு என்று சொன்னால் சிரிக்கவா முடியும்?

அவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தம்பி யாரும் கிடையாது என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "இனிமே ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்கங்க" என்றான். பால்மா தெருவில் ஒரு ஓலைத் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டான். நம் தெருவில் அவன் நடந்து வரும்போது பக்கத்து வீட்டு ஓப்துலியா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ஆர்செனியோ, உன் வீட்டுக்கு அக்டோபர் ஐயா முன்னாடியே வந்துட்டாரு போல! பானையை ஒளிச்சு வை!" என்று கத்தினாள். அந்தக் கிழட்டு அக்டோபர் ஐயா ஓலைத் தொப்பியும் சாட்டையுமாக வீடு வீடாகப் பானைக்குள் எட்டிப் பார்ப்பார், பானை நிறைந்திருந்தால் போய்விடுவார், குறைந்திருந்தால் வருடம் முழுக்கப் பஞ்சத்தை வைத்துவிட்டுப் போவார் என்று சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்துவார்களே. அந்தத் தொப்பிக்கு அவனும் அப்படித்தான் இருந்தான். நானும் சிரித்தேன். அவள் வாயில் என்ன நேரத்தில் அது வந்ததோ.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே அராசெலி ஒன்றைக் கவனித்தாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைப் பிளந்து, நடு நரம்பை ஒரே இழுப்பில் உருவி, வட்டமாகச் சுருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தான். "அப்பா, அம்மா வைக்கற மாதிரியே வைக்கறாரு பாருங்க. போன்ல அம்மா சாப்பிடறப்ப நான் பாத்திருக்கேன்" என்றாள். கிழங்கை யார் உரித்தாலும் நரம்பு இருக்கத்தானே செய்யும் என்று அவளை அடக்கிவிட்டேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. உன் மகள் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அக்டோபர் முதல் தேதி. அந்த ஐயா எட்டிப் பார்க்கும் நாள் என்று வழக்கம்போல பெரிய பானை நிறைய ஜோபரா வைத்தோம். பயறு, சோளம், பூசணி, கடைசியில் உன் பாணியில் கை நிறையப் பாலாடைக்கட்டி. விடியலிலிருந்து நானும் அராசெலியும் அடுப்படியில். உன் அம்மா, உன் தங்கை பிளாசிதா குடும்பம், ஓப்துலியா, டெப்போவிலிருந்து என் கூட்டாளிகள், எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன். வெளிநாட்டு விருந்தாளி வந்திருக்கிறானே, நாலு பேர் பார்க்கட்டும் என்று. மூன்று நாளாக வடக்குக் காற்று அனலாக வீசி எல்லோருக்கும் மண்டை காய்ந்திருந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வானம் ஒரேயடியாகக் கறுத்து, கொட்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் தெரு ஆறாகிவிட்டது. யார் வீட்டு நாற்காலியோ வாசலில் மிதந்து போயிற்று.

நான் தாழ்வாரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்று வானத்தைப் பார்த்தான். வெளியூர்க்காரன் என்ன கேட்பான்? குடை எங்கே என்பான். கூப்பிட்டவர்கள் எப்போது வருவார்கள் என்பான். போன வருடம் டெப்போவுக்கு வந்த ஜெர்மன்காரர் அப்படித்தான் மழையில் நனைந்துகொண்டே பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். இவனோ, "சரி, மழை வந்துடுச்சு. இனிமே யாரும் வர மாட்டாங்க. நாம ஆரம்பிக்கலாமாண்ணே?" என்றான். நம் ஊர்க்காரன்போல, அலுப்பாக, யாரையும் குறை சொல்லாமல் சொன்னான். மழை பெய்தால் இந்த ஊரில் எந்த வாக்கும் வாக்கில்லை, வராதவனை யாரும் கேட்பதில்லை என்று நாம் யாருக்காவது சொல்லிக் கொடுப்பதுண்டா? அதில் பிறந்து வளர்ந்தால் வரும். இல்லையென்றால் மழை நாளில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நம் ஊரை நினைத்துப் பேசும் ஒருத்தியோடு பல மழை நாட்கள் இருந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அவன் முகத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன்.

மழையிலும் புழுக்கம் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் தெரெரே குடிக்கலாம் என்று ஐஸ் தண்ணீர் கூஜாவை எடுத்து வந்தேன். "இன்னிக்கு நான் போடறேண்ணே" என்று மாட்டுக் கொம்புக் குவளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். யெர்பா இலைத் தூளை முக்கால் அளவு கொட்டினான். குவளையை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினான். புதினாக் கொத்தின் காம்பைப் பல்லால் கடித்து இடது பக்கம் துப்பினான். சுனில்டா, இந்த நாட்டில் தெரெரே குடிக்காத ஆள் கிடையாது, ஆனால் முழங்காலில் தட்டிவிட்டுக் காம்பைக் கடித்துத் துப்புகிறவள் நீ ஒருத்திதான். உன் அம்மா அதற்காக உன் தலையில் குட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் தண்ணீரை ஊற்றி, தான் குடிக்காமல், என்னிடமும் நீட்டாமல் அப்படியே ஊற விட்டான். "முதல் ஊத்து புனித தோமையாருக்கு" என்றான்.

"யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "சுனிதான்" என்று சொன்னவன் சட்டென்று இருமினான். இருமி முடித்து, "உங்க சுனில்டா" என்றான். உன்னைச் சுனி என்று உன் அம்மா தவிர இன்னொருவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உன்னைக் கட்டிக்கொண்ட நானே கூப்பிட்டதில்லை.

குவளை எனக்கும் அவனுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரே குழலில் அவன் உறிஞ்சுகிறான், நான் உறிஞ்சுகிறேன். வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. மரியாதைக்குத்தான் கேட்டேன், சத்தியமாக மரியாதைக்குத்தான்: "உங்க அம்மா எப்படி இருக்காங்க? மழைக் குளிர்ல மூட்டு வலிக்குமே." அவன் கூஜாவைக் கீழே வைத்தான். "அம்மா தவறிட்டாங்கண்ணே. போன குளிருக்கு முந்தின குளிர்ல" என்றான். அப்புறம் மெதுவாக, "அவ சொல்லலையா?" என்றான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட என்னிடம், "கொஞ்சம் லைன்லயே இருங்க, பெரியம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துட்டு வந்துடறேன்" என்று சொன்னாயே, சுனில்டா. யாருக்குக் கொடுத்தாய் அந்தக் கஞ்சியை? நானும் மடையன்போலக் காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கிழவிக்காகக் காகுப்பே மாதாவுக்கு மெழுகுவத்தி வேறு ஏற்றினேன். செத்தவளுக்கு உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் இந்த உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த முறை குவளை என்னிடம் வந்தது. நான் சட்டை நுனியை இழுத்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, குழலின் வாயைத் துடைத்தேன். நிதானமாக, சுற்றிச் சுற்றித் துடைத்தேன். இருமல்காரனோடு குடித்தாலும், குடிகாரனோடு குடித்தாலும் இந்த ஊரில் எவனும் இன்னொருத்தன் எதிரில் குழலைத் துடைக்க மாட்டான். துடைப்பதைவிட முகத்திலேயே துப்பிவிடலாம். அதன் அர்த்தம் தெரியாத வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தெரிந்திருந்தது. மூக்கு மட்டுமல்ல, முகம் முழுக்கச் சிவந்தது. அதையும் நீதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அவன் எழுந்து போவான், கோபப்படுவான், அடித்தால் திருப்பி அடிக்கலாம் என்று காத்திருந்தேன். "துடைங்கண்ணே. உங்களுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். இதைவிட அருவருப்பான மனிதனை நான் பார்த்ததில்லை. கெட்டவனாகக்கூட இருக்கத் தெரியவில்லை அவனுக்கு.

அப்புறம் வந்த காரியத்தைச் சொன்னான். ஊர் சுற்றி எழுதுவதெல்லாம் உண்மைதானாம், ஆனால் இங்கே வந்தது அதற்காக இல்லையாம். அராசெலிக்கு நவம்பர் கடைசியில் பதினைந்து முடிகிறது. அந்தப் பிறந்தநாள் விருந்துக்கு வர வேண்டும் என்று நீ ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறாயாம். (புரண்டு படுப்பதை அவன் எப்படிப் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை.) வந்தால் நான் திரும்பிப் போக விட மாட்டேன் என்றும், தெருவே கூடி உன்மேல் காறித் துப்பும் என்றும், அராசெலி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்றும் உனக்குப் பயமாம். "நானே போய் அவர்கிட்ட பேசிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேண்ணே. வந்து ஒரு வாரமா வாய் வரல" என்றான். எதற்கு என் பஸ்ஸில் அடை காத்தான் என்று அப்போது புரிந்தது.

அவனை மழையில் வெளியே தள்ளியிருப்பேன். ஆனால் அக்டோபர் முதல் தேதி. அன்றைக்கு வாசலுக்கு வந்தவனைப் பட்டினியாக அனுப்பினால் வீடு விளங்காது. வேறு நாளாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. பானை நிறையச் சோறு கிடக்கிறது, சாப்பிட ஆள் இல்லை. அராசெலி மூன்று தட்டு வைத்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சாப்பிடுங்க. எதுவா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றாள். என் கையாலேயே அவனுக்கு இரண்டாவது கரண்டி போட்டேன். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே அழுகிறவனைப் பார்த்திருக்கிறாயா? மூக்கும் பயறும் ஒன்றாக. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூன்றாவது கரண்டியும் போட்டேன்.

ஊருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை. உன்னைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இத்தனை வருடமும் நான் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். முதலில் அங்கே தங்க உனக்குக் காகிதம் சரியாகவில்லை என்றேன். அப்புறம் கிழவிக்கு இடுப்பு முறிந்தது. அப்புறம் கொள்ளைநோய். ஓப்துலியா ஒருமுறை, "என்னய்யா, உன் பொண்டாட்டிக்கு அங்க விடாம மழையா?" என்று கேட்டாள். ஆமாம், மழைதான் என்று சொல்லிவிட்டேன். மழைக்கு வராதவரை நாம் குறை சொல்வதில்லையே. நானும் சொல்லவில்லை.

நம் கல்யாணத்தன்றும் மழைதான், நினைவிருக்கிறதா? என் சொந்த அண்ணனே வரவில்லை. பாதிரியார் கோயில் கதவையே பாதிதான் திறந்து வைத்திருந்தார். இன்றைக்கு ஒன்றும் நடக்காது, வீட்டுக்குப் போ என்றார். அப்போது தெருமுனையில், முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ ஒருத்தி வந்தாய். பாவாடை இடுப்புவரை சேறு. உன்மேல் எவ்வளவு அருவருப்பு வந்தாலும் அந்த ஒன்றை மட்டும் என்னால் அசிங்கப்படுத்த முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டேன்.

இப்போது அராசெலி விஷயம். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லவில்லை, அந்தக் கிழங்கு நரம்பிலிருந்தே தெரியும். நேற்று கேட்டேன். "அம்மா அங்க சிரிக்கறப்ப பக்கத்துல யாரோ சிரிப்பாங்கப்பா. ரொம்ப நாளா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. பதினைந்தாவது பிறந்தநாளில் அவளோடு முதல் நடனம் ஆட வேண்டியவன் நான், தலையில் கிரீடம் வைக்க வேண்டியவள் தாய். பிளாசிதா தான் வைப்பதாகச் சொன்னாள். "வேண்டாம் சித்தி, அம்மா வரலேன்னா கிரீடமே வேண்டாம், வெறுந்தலையோட ஆடறேன்" என்று சொல்லிவிட்டாள் உன் மகள். அவள் வெறுந்தலையோடு ஊர் நடுவில் நிற்பதை நான் பார்க்க மாட்டேன். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது, சொல்லிவிட்டேன்.

ஆகவே நீ வரவேண்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை. அதற்கு எவ்வளவு காலம் ஆகும், ஆகுமா என்றே தெரியாது. பின்னறையைச் சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன், அவன் வாசம் போகட்டும். அங்கே நீயும் அராசெலியும் படுத்துக்கொள்ளுங்கள். நான் டெப்போவில் படுப்பேன். திரும்பிப் போகும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டே வா. அதை நான் கேட்கவும் மாட்டேன், ஒளித்து வைக்கவும் மாட்டேன். தெருவில் யாராவது வாயைத் திறந்தால் அதை மூட ஓப்துலியா இருக்கிறாள். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லி வைக்கிறேன், அவளைக் காவலுக்கு வைத்தால் வேறு எவரும் பேச முடியாது. உன் அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள். அந்தத் தண்டனை உனக்கு வேண்டும்.

அவனைக் கூட்டி வராதே. இன்னொரு முறை அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து தெரெரே குடித்தால் நான் குழலைத் துடைக்காமல் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

குறட்டை நின்றுவிட்டது. எழுந்து வருவான், அண்ணே என்பான். முடித்துக்கொள்கிறேன். காகுப்பே மாதா உன்னைக் காக்கட்டும். நான் ஏற்றிய மெழுகுவத்தியெல்லாம் கிழவிக்கு உதவவில்லை, உன் கணக்கிலாவது சேரட்டும். நவம்பர் கடைசியில் இங்கே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். காலையில் வெயில் அடிக்கும், மதியம் வானம் இருண்டுவிடும், விருந்துக்குக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். அவர்களை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நீ மட்டும், அன்று மழை பெய்தாலும் வா.

இப்படிக்கு,
அராசெலியின் அப்பா
ஆர்செனியோ